எதுக்குத் தலைக்கு ஊத்திக்கின?

ஊசி போடுவது, காயத்துக்குக் கட்டுப் போடுவது, பிரசவ வார்டில் எந்த நேரத்தில் யாரை எழுப்புவது, இதையெல்லாம் புதிதாக நர்ஸ் வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நான் அதைத் திரும்ப எழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை. பெண்கள் பிரிவில் உட்கார்ந்தால் தினமும் நம் வாயில் வருகிற ஒரு கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நேற்றுகூட உங்களில் ஒருவர் அதைக் கேட்டது என் காதில் விழுந்தது.

"கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்திக்கின?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் மாதவிலக்கு என்ற சொல்லை வாயால் சொல்ல மாட்டார்கள். அந்த மூன்று நாளும் வீட்டுக்கு வெளியே ஒதுங்கி இருப்பார்கள்; அதைத் 'தூரம்' என்பார்கள். அது முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். ஆகவே குளித்த நாளைக் கேட்டால் போதும், மற்றதை நாம் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். படுதாவுக்கு அந்தப் பக்கம் ஆண்கள் வரிசை நிற்கிற இடத்தில் இதைவிட நாகரிகமான கேள்வி கிடையாது. டாக்டரம்மா கேட்பார், நாங்கள் கேட்போம், சீட்டு எழுதுகிறவர்கூடக் கேட்பார். ஒரு முறை வயிற்றுவலி என்று வந்தவள் ஒருத்தி, "காலையிலதான் நர்ஸம்மா, சீக்கா தேச்சி" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டோம்.

எழுபதுகளின் கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது திருவண்ணாமலைக்குப் பெரிய வைத்தியம் எதற்கும் வேலூர்தான்; அதற்கும் மேலே என்றால் மெட்ராஸ். எங்கள் பிரிவின் சுவர் முழுக்கக் குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம். பிள்ளை பெறுவதை நிறுத்த வருகிறவர்களுக்கு அச்சடித்த படிவம் இருந்தது, தனி அறை இருந்தது, முகாம் இருந்தது. பிள்ளை இல்லை என்று வருகிறவர்களுக்கு எதுவும் கிடையாது. டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளில் கையால் எழுதி மெட்ராஸுக்கு அனுப்புவார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஒரு நாள் மட்டும் இதற்கென்று ஒரு சிறப்பு மருத்துவர் பார்த்தார். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் நாள் குறித்து அனுப்பினால்தான் போகலாம். சும்மா போய் நின்றால் திரும்பி வரவேண்டியதுதான். அந்த நாளை எங்கள் பெண்கள் 'மொறை' என்றார்கள். அந்தச் சொல்லை அவர்கள் சொல்லும்போது குரலே மாறும்.

அஞ்சலை அடி அண்ணாமலை கிராமத்துக்காரி. அவளும் புருஷன் ஏழுமலையும் கொஞ்சம் நிலத்தில் கனகாம்பரமும் சாமந்தியும் போட்டிருந்தார்கள். விடிகாலையில் பூவைக் கடையில் போட்டுவிட்டு, காலிக் கூடையை இடுப்பில் வைத்தபடி எங்கள் வரிசையில் வந்து நிற்பாள். கல்யாணமாகி எட்டு வருஷம். ஏழுமலைக்கும் பரிசோதனை செய்தாகிவிட்டது, அவனிடம் குறை எதுவும் இல்லை. அந்த முடிவு வந்த பிறகு அவள் மாமியார், போளூர் பக்கம் ஒரு பெண் இருக்கிறது, தை பிறந்தால் போய்ப் பார்க்கலாம் என்று பேச ஆரம்பித்திருந்தாள்.

அஞ்சலைக்கு அதற்கு முன் இரண்டு முறை மொறை வந்து தவறியிருந்தது. இரண்டு தடவையும் ஒரே கதை. போகவேண்டிய நாள் நெருங்கும்போது மாதவிலக்கு தள்ளிப்போனது. அவளே சந்தோஷமாக வந்து சொன்னாள். டாக்டரம்மா, "அப்ப இரு, பாக்கலாம்" என்று நிறுத்திவைத்தார். அந்த நாள் வேறு யாருக்கோ போனது. அதற்கப்புறம் விலக்கு வந்துவிட்டது. இரண்டாம் முறை ஊரில் ஓரகத்தி, "எங்க அஞ்சல வயித்துல காத்துதான் தங்கும்" என்று குழாயடியில் சொன்னாளாம். அதை அஞ்சலை என்னிடம் சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூன்றாவது மொறை கிடைக்க ரொம்ப நாளாயிற்று. இந்தத் தடவை மெட்ராஸில் செய்யப்போவது என்ன என்பதும் நாள் குறித்து வந்த தாளில் இருந்தது. கருப்பையின் உள்பக்கத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதிப்பார்கள். அதை அடுத்த விலக்கு வருவதற்குச் சற்று முன்னால்தான் செய்யவேண்டும். ஆகவே நாள் பொருந்துகிறதா என்று டாக்டரம்மா பார்த்தார்.

"தலைக்கு எப்ப ஊத்திக்கின அஞ்சல?"

"போன பௌர்ணமிக்கு மொத நாளுங்க."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"மலை சுத்தப் போனேனே டாக்டரம்மா. மறந்துடுமா?"

டாக்டரம்மா சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். "கச்சிதமா இருக்கு" என்றார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் முத்திரை குத்தினேன். அஞ்சலை அந்தத் தாளை நான்காக மடித்துக் கூடைக்குள் வைக்காமல் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இந்தத் தபா மொறை போவாதில்ல நர்ஸம்மா?"

"போகாது. போய்ட்டு வா."

அவர்கள் புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் ஏழுமலை வந்தான். அவனுடைய பரிசோதனைச் சீட்டு எங்களிடமே தங்கிவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போக வந்திருந்தான். நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் வாசற்படியில் நின்று, தரையைக் கழுவிக்கொண்டிருந்த ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தான்.

"மெட்ராஸ்ல எங்கடா தங்கப் போறீங்க?"

"சித்தப்பா பையன் ரூம்ல. ஸ்டவ் குடுக்கறேன்னு சொல்லியிருக்கான். அவ படுத்துனு இருந்தா நான் பொங்கிப் போடணும்."

"நீ பொங்கினா அது சோறா, பசையா?"

"இன்னா ஆயா அப்டி சொல்லிட்ட? எங்க அம்மா அண்ணன் வூட்ல கீது. எட்டு வருசமா இவ தூரமானா மூணு நாளும் எங்க வூட்ல என் சமையல்தான். இப்பதான் ரெண்டு மாசமா கரண்டி புடிக்காம கை ஓஞ்சி கெடக்குது."

ஆயா சிரித்தாள். என் கையில் சீட்டு அகப்பட்டிருந்தது. அதைப் பிடித்தபடி அப்படியே நின்றேன்.

"ஏழுமலை, இப்ப இன்னா சொன்ன?"

அவன் திரும்பிப் பார்த்தான். சொன்னது என்ன என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஒன்னுமில்லீங்க."

"ரெண்டு மாசமா அஞ்சல ஒதுங்கலியா?"

"சொல்லக் கூடாதுனு சத்தியம் வாங்கிக்கினா நர்ஸம்மா. எப்பவும் இப்டித்தான் தள்ளிப்போவும், அப்பறம் வந்துடும், சொன்னா மொறை போயிடும்னு சொன்னா."

"பௌர்ணமிக்கு மொத நாள் தலைக்கு ஊத்திக்கினேன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னாளே."

"ஊத்திக்கினா. மலை சுத்தப் போறவங்க தலைக்கு ஊத்திக்காமயா போவாங்க?"

மெட்ராஸில் என்ன செய்வார்கள் என்று அவனுக்குத் தெரியாது. 'ஒரு டெஸ்ட்டு' என்று மட்டும் தெரியும். உள்ளே கரு தங்கியிருந்தால் அந்தச் சுரண்டலில் அது போய்விடும் என்று நான் சொன்னபோது அவன் ஈரத்தரை என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டான்.

இனி என் நிலைமையைச் சொல்கிறேன். இப்படி ஒரு சாயங்காலம் உங்களுக்கும் வரும். டாக்டரம்மா செங்கம் பக்கம் முகாமுக்குப் போயிருந்தார். மறுநாள் பிற்பகல்தான் வருவார். அஞ்சலையின் பஸ் விடிகாலையில். பொறுப்பில் இருந்த டாக்டர் ஆண். அவர் பரிசோதிக்க அவள் மேசையில் படுக்கமாட்டாள். படுத்தாலும் இவ்வளவு சீக்கிரத்தில் கையால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. சிறுநீரில் பார்க்கிற பரிசோதனை அப்போது எங்களிடம் இல்லை. அவளை நிறுத்திவைத்து, அது வெறும் தள்ளிப்போனதாகவே இருந்தால், மூன்றாவது மொறையும் போய்விடும். தை மாதமும் வந்துவிடும். நிறுத்தாமல் விட்டு, உள்ளே ஏதாவது இருந்தால், எட்டு வருஷம் காத்திருந்தது அவள் தேடிப்போன மேசையிலேயே முடிந்துபோகும். இரண்டில் எதைச் செய்தாலும் முடிவை அனுபவிக்கப் போகிறவள் அவள்.

எங்கள் பிரிவின் மூத்த சிஸ்டரிடம் போனேன். அவர் ஓய்வு பெறுகிற காலம். அதிகம் பேசமாட்டார்.

"அந்த லெட்டர்ல நானே ஒரு வரி சேத்துடட்டுமா சிஸ்டர்? விலக்கு வரலைனு."

"டாக்டர் எழுதினதுல நீ கை வைக்காத. மேல ஒரு நாள், கீழ வேற கையெழுத்துல இன்னொன்னு இருந்தா அங்க எதை நம்புவாங்க?"

"அப்ப லெட்டர வாங்கி வெச்சிக்கறேன்."

"வாங்கிட்டா சும்மா இருப்பாளா? கம்மலை வித்து வெளியில போய் அதே சுரண்டலைப் பண்ணிக்குவா. அவ மொறையைப் புடுங்காம இன்னா செய்ய முடியும்னு யோசி. பேப்பரை விட்டுட்டு ஆள்கிட்ட பேசு."

ஏழுமலையே அங்கே சொல்லிவிடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த அறைக்குள் புருஷனை விடமாட்டார்கள். சொல்வதென்றால் அவள்தான் சொல்லவேண்டும்.

விடிகாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மெட்ராஸ் பஸ் நின்றிருந்தது. அஞ்சலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை, தலையில் அவள் தோட்டத்துக் கனகாம்பரம். என்னைப் பார்த்ததும் அவள் கை மார்புக்குப் போனது.

"லெட்டர வாங்கிக்கத்தானே வந்தீங்க?"

"இல்ல."

"இவரு சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும். ராத்திரி பூரா திருட்டு முழி முழிச்சிக்கினு இருந்தாரு."

பக்கத்தில் இருந்த ஏழுமலை எழுந்து எனக்கு இடம் விட்டுவிட்டு, கீழே இறங்கி நின்றுகொண்டான்.

"அஞ்சல, எதுக்குத் தலைக்கு ஊத்திக்கின?"

"மலை சுத்த" என்றாள். "நான் பொய் சொல்லலியே நர்ஸம்மா. எப்ப ஊத்திக்கினன்னு கேட்டீங்க. சொன்னேன். எதுக்குனு யாரும் கேக்கலியே."

"ஆமா. கேக்கல."

"பின்ன?"

அங்கே என்ன செய்வார்கள் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். மேசை, கருவி, எல்லாம். அவள் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அது இருக்காதுங்க. ரெண்டு தபா பாத்துட்டேனே. அது காத்து."

"காத்தா இருந்தா அவங்க பாத்துட்டு டெஸ்ட்ட செய்யட்டும். இல்லன்னா?"

"தள்ளிப்போயிருக்குனு சொன்னா, போய்ட்டு அப்பறமா வான்னு அனுப்பிடுவாங்க. அடுத்த மொறை எப்பனு சொல்லுங்க. உங்களால சொல்ல முடியுமா?"

முடியாது. 'நான் வாங்கித் தருகிறேன்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் சுலபமாகியிருக்கும். என் கையில் இல்லாததை எப்படிக் கொடுப்பது? "என்னால முடியாது" என்றேன். "டாக்டரம்மாகிட்ட கேப்பேன். அவ்வளவுதான் என்னால ஆகும். லெட்டர் உன்கிட்டயே இருக்கட்டும். மொறையும் உன்னுது. ஆனா மேசையில படுக்கறதுக்கு முன்னாடி, தலைக்கு ஊத்திக்கினதை விட்டுட்டு, தூரமாகி எத்தினி நாளாச்சின்னு உன் வாயால சொல்லிடு."

"அங்க ஆம்பள டாக்டருங்ககூட இருப்பாங்களாமே."

"இருந்தாலும் சொல்லு. இப்ப ஒரு தடவ சொல்லிப் பாரு."

முன் சீட்டில் ஒருவர் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். அஞ்சலை அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள்.

"எனக்கே கேக்கல."

"போங்க நர்ஸம்மா."

"அங்க ஃபேன் சத்தம் ஜாஸ்தி. இப்படிச் சொன்னா யாருக்கும் கேக்காது."

இன்னொரு தடவை சொன்னாள். பேப்பர்க்காரர் பக்கத்தைப் புரட்டினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். நான் இறங்கினேன், ஏழுமலை ஏறினான். சொல்லுவேன் என்று அவள் சொல்லவில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை ஜன்னலில் அந்தக் கனகாம்பரம் மட்டும் தெரிந்தது.

பிற்பகல் டாக்டரம்மா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். காலண்டரை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுவாளா?"

"தெரியல டாக்டர்."

மறுநாள் காலையில்தான் அங்கே அவளைப் பார்ப்பார்கள். டாக்டரம்மா மெட்ராஸுக்கு டிரங்க் கால் பதிவு செய்தார். இருட்டுகிற நேரத்தில் லைன் கிடைத்தது. எடுத்தவர் யார் என்று தெரியவில்லை. யாரையோ கூப்பிட்டு வருகிறேன் என்று ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அங்கே யாரோ நடக்கிற சத்தமும் ஒரு குழந்தை அழுகிற சத்தமும் கேட்டது. பிறகு லைன் அறுந்துபோனது. அதற்கு மேல் கிடைக்கவில்லை.

எனக்குப் படிக்கிற காலத்திலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிற பழக்கம். அந்த நாட்களில் நான் எழுதியது ஒரே வரிதான். 'அஞ்சலை. தகவல் இல்லை.' திரும்பி வருகிறோம் என்று சொன்ன நாளில் அவர்கள் வரவில்லை. பூக்கடைப் பக்கம் போய்ப் பார்த்தேன். ஏழுமலையின் அண்ணன் கூடையோடு உட்கார்ந்திருந்தான். "அவங்க இன்னும் வரலீங்க. ஏதோ தங்கச் சொல்லிட்டாங்களாம்" என்றான். எதற்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. எதற்காகத் தங்கச் சொல்வார்கள்? கரு இருக்கிறது என்று தெரிந்தாலும் தங்கச் சொல்வார்கள். சுரண்டியபின் ரத்தம் நிற்காவிட்டாலும் தங்கச் சொல்வார்கள். மூத்த சிஸ்டர் என்னைத் தினமும் ஒரு பார்வை பார்ப்பார். நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவர் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஒரு நாள் வரிசை ஏறக்குறைய முடிந்த நேரத்தில் ஏழுமலை வாசலில் வந்து நின்றான். அவன் பின்னால் அஞ்சலை. இடுப்பில் கூடை இல்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

"கூடை தூக்கக் கூடாதுனுட்டாங்க" என்றாள்.

அவளை உட்காரவைத்தேன். என்ன நடந்தது என்று அவளே சொன்னாள்.

"அங்க ஒரு சின்ன டாக்டர் பொண்ணு நர்ஸம்மா. அதுவும் உங்கள மாதிரியேதான், தலைக்குக் குளிச்சாச்சான்னு கேட்டுச்சி. நான் மேசைல ஏறிட்டேன். நீங்க சொன்னது நெனப்பு இருக்குது, வாய்தான் வரல. குளிச்சேன்னு சொல்லிட்டேன்."

"அப்பறம்?"

"எப்பன்னு கேட்டுச்சி. பௌர்ணமிக்கு மொத நாளுன்னேன். அது எழுதிக்கினே, பௌர்ணமிக்கு உங்க ஊர்ல எல்லாரும் மலை சுத்துவீங்களாமே, நீயும் சுத்துவியான்னு கேட்டுச்சி. சும்மா, பேச்சுக்கு. சுத்துவேன், அதுக்குத்தான் குளிச்சேன்னு வந்துடுச்சி வாயில. அதுக்கு ஒன்னும் புரியல. பேனாவ வெச்சிட்டு என்னயே பாத்துச்சி. அப்பதான் மிச்சத்தையும் சொன்னேன். சத்தமா சொல்லிட்டேன் போலிருக்குது, அந்தப் பக்கம் இருந்த ஆம்பள டாக்டரு திரும்பிப் பாத்தாரு."

உடனே அவளை இறக்கிவிட்டார்கள். பெரிய மருத்துவர் வந்து பார்த்தார். சிறுநீரைச் சோதித்தார்கள். உறுதிப்படுத்த ஒரு வாரம் கழித்து மறுபடி வரச்சொன்னதால்தான் அங்கேயே தங்கினார்கள். சித்தப்பா மகனின் அறையில் அந்த வாரம் முழுக்க ஏழுமலைதான் சமைத்தான். "பசைதான் ஆயா" என்று அவனே ஆயாவிடம் ஒப்புக்கொண்டான்.

அதற்குப் பிறகும் நிம்மதி ஒன்றும் இல்லை. இரண்டு முறை லேசாக ரத்தம் பட்டு எங்கள் வார்டில் வந்து படுத்தாள். பிள்ளை பிறந்தபோது எடை கம்மி. ஆனால் பிறந்த உடனே அழுதது. பெண் குழந்தை.

உங்களுக்கு நான் சொல்ல நினைப்பதில் ஒரு பாதி சுலபமானது. நாகரிகமான கேள்விக்கு நாகரிகமான பதில்தான் வரும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியவேண்டுமானால் இன்னொரு கேள்வி கேளுங்கள். நான் அதன்பிறகு படுதாவுக்குள் கூப்பிட்டு, "கடைசியா எப்பத் தூரமான?" என்று நேராகவே கேட்டேன். சிலர் முகம் சுளித்தார்கள். பரவாயில்லை.

மற்ற பாதி அவ்வளவு சுலபமில்லை. தடுப்பூசி போட அஞ்சலை குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த நாளில்தான் அது எனக்கு விளங்கியது. ஊசி போட்டு, குழந்தை அழுது ஓய்ந்திருந்தது. ரொம்ப நாளாக மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கி நான் பஸ் ஸ்டாண்டுக்கு வரலைன்னா, அங்க சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தையின் தொடையில் ஊசி குத்திய இடத்தைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

"மாட்டேன் நர்ஸம்மா" என்றாள். "மொறை போயிடுமே."